சொண்டு கட்டிய சேவல்

என் வீட்டுக்காரர் வரைந்த படங்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. இருந்தாலும் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எழுத்துத்தான் எனக்கு இழுத்து இழுத்து வரும். படம் அப்படியில்லை. ஒரு தடவை பார்த்தால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

அவர் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தார். கப்பலிலிருந்து இறங்கும் சாக்குகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கோடு போடுவது அவர் வேலை. நிமிர்ந்த கோடு நாலு, ஐந்தாவது குறுக்கே. கிழமை முழுக்க வெயிலில் நின்று கோடு போட்ட கை, சனிக்கிழமை பின்னேரம் வந்தால் சிரிப்புப் படம் போடும். எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலில் மாதத்துக்கு ஒரு தாள் ரோனியோ மெஷினில் பிரதி அடித்துக் கொடுப்பார்கள். பூசை நேரம், கலியாண அறிவித்தல், செத்துப்போனவர்களின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பின்பக்கத்தின் அடியில் ஒரு கை அகலத்துக்கு இடம் விடுவார்கள். அந்த இடம் அவருடையது. சனங்கள் தாளை வாங்கியவுடன் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். செத்தவர்களைப் பிறகு பார்ப்பார்கள்.

அந்த இடத்தில் வந்த படம் ஒன்றுதான் அவரை ஒன்பது வருடம் நன்மை வாங்காமல் நிறுத்தியது. பூசையில் சுவாமியின், அதாவது குருவானவரின், கையால் வாங்குகிற அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். அது இல்லாமலே அவர் செத்துப்போய்விடுவாரோ என்று நான் ஒன்பது வருடம் பயந்து கொண்டிருந்தேன். அவரை நிறுத்தி வைத்தது நான்தான். இதைச் செத்துப்போன இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவருடைய படத்தில் மோட்சம் எங்கள் துறைமுகம் மாதிரியே இருக்கும். வாசலில் குறுக்குத் தடி, பக்கத்தில் காவல் கூடு, உள்ளே ஆண்டவர் மோட்ச வாசலின் திறப்பைக் கொடுத்து வைத்த அப்போஸ்தலர் இராயப்பர். காக்கிக் காற்சட்டை, இடுப்பில் திறப்புக் கொத்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். வருகிற ஆத்துமாக்களின் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒரு படத்தில் ஒருவர் குடையோடு வந்து நிற்பார். ‘குடை எதுக்கு? இங்க மழை எல்லாம் காலுக்குக் கீழதான்’ என்பார் இராயப்பர். நாங்கள் கூப்பனோடு பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில், ஆண்டவர் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்த புதுமையை வரைந்தார். சனம் புல்லில் உட்காரவில்லை. கூட்டுறவுக் கடை வாசலில் நிற்பதுபோல வளைந்து வளைந்து நின்றது. முன்னுக்கு நின்ற அப்போஸ்தலர் ஆண்டவருடைய காதுக்குள் கேட்கிறார், ‘கூப்பன் பாக்கிறதா, சும்மா குடுக்கிறதா?’ அந்த ஞாயிற்றுக்கிழமை பாண் கிடைக்காத சனம் வெறும் வயிற்றோடு சிரித்தது. சுவாமியும் பிரசங்கத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது நோவேயின் கப்பல். ஏணியடியில் ஒரு கிளாக்கர் நின்று சோடி சோடியாக எண்ணி ஏற்றுகிறார். யானை இரண்டு, ஆடு இரண்டு, நுளம்பு இரண்டு. கிளாக்கர் தன் கழுத்தில் ஓர் அடி அடித்துவிட்டார். ஒரு நுளம்பு கீழே கிடக்கிறது. மற்றது வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு அழுகிறது. நோவே தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“அந்த மற்றதையும் அடிச்சிருக்கலாமே, நாங்க நிம்மதியா நித்திரை கொண்டிருப்பம்” என்றேன் நான்.

“கிளாக்கருக்கும் அதுதான் யோசனை. நோவே விட்டாத்தானே” என்றார் அவர்.

படத்தின் கீழே அவர் பெயர் போடுவதில்லை. பெயருக்குப் பதிலாக ஒரு மூலையில் ஒரு சேவல் நிற்கும். அது இராயப்பருடைய சேவல். அவர் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை பொய் சொன்ன பிறகு கூவியதே, அதே சேவல். இராயப்பர் அதை மோட்சத்துக்கும் கொண்டு வந்துவிட்டாராம். ஆனால் கூவாதபடிக்கு ஒரு கைலேஞ்சியால் சொண்டைக் கட்டி வைத்திருப்பார். “கூவினா அந்த மனுசனுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருமே” என்பார் என் வீட்டுக்காரர். எந்தப் படத்திலும் முதலில் சேவலைத்தான் தேடுவேன்.

இனி நாங்கள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் முதலில் சாதாரணத் தாளில் பென்சிலால் வரைவார். பிறகு என்னைக் கூப்பிடுவார். கீழே எழுதியிருக்கிற வசனத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படத்தை மட்டும் காட்டுவார். நான் சிரித்தால் அது போகும். சிரிக்காவிட்டால் கிழித்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் ஸ்டென்சில் தாளில், ஊசி மாதிரிப் பேனையால் வரைவது. ஸ்டென்சில் தாளை அவர் கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் வக்கீல்மாருக்கு டைப் அடிக்கிற ஒருவரிடம் வாங்கி வருவார். அதில் பிழை விட்டால் சிவப்பு மருந்து பூசிக் காய வைக்க வேண்டும். அதனால் வீணாக்கக் கூடாது, முதலில் என் சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

“வாசிக்கத் தெரிஞ்சவன் வசனத்துக்குச் சிரிப்பான். நீ சிரிச்சா அது படத்துக்குத்தான்” என்பார்.

நான் பாலர் வகுப்போடு நின்றவள். அதை ஒருவர் முன்னாலும் ஒத்துக்கொள்ளாதவள். எங்கள் கோயில் பீடத் துணிகளும் சுவாமியின் வெள்ளை அங்கியும் என் கையால் தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்துப் போனவை. அதில் ஒரு சுருக்கம் காட்டட்டும் பார்ப்போம் என்று நடப்பேன். வாசிக்கத் தெரியாததற்கு வெட்கப்பட வேண்டிய ஒரே வீட்டில், என் வீட்டில், அதையே ஒரு கெட்டித்தனமாக்கி வைத்திருந்தார் அவர். சிரித்து முடிந்ததும் கையை எடுத்து வசனத்தை எழுத்தெழுத்தாய்க் காட்டுவார். நான் வாசிக்கப் பழகியது அப்படித்தான்.

எங்கள் கோயிலில் அந்தக் காலத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லாரும் பாய் போட்டுத் தரையில் இருப்போம். மூன்று நாலு பெரிய குடும்பங்கள் மட்டும் சொந்தக் கதிரை கொண்டு வந்து போட்டிருந்தார்கள். அதில் ஒரு கதிரை பெண்கள் பக்கம் முன்னுக்கு இருந்தது. கை வைத்த, பின்னல் போட்ட கதிரை. அதில் இருந்த அம்மாவுக்குக் கடைத்தெருவில் இரண்டு கடை. லேஸ் முக்காடு போட்டு, நீளக் குடையை ஊன்றி ஊன்றி, மெதுவாக நடந்து வருவா. அவதான் மாதர் சங்கத்துக்குத் தலைவி. ரோனியோ மெஷினைக் கோயிலுக்குக் கொடுத்ததும் அவதான்.

ஒரு வியாழக்கிழமை சங்கக் கூட்டத்தில் செபத்தாளை எடுத்து என் கையில் தந்தா.

“இண்டைக்கு நீங்க வாசிங்களன்” என்றா.

இருபது பெண்கள் இருந்தார்கள். தாளில் சின்னச் சின்ன எழுத்து எறும்பு மாதிரி ஓடியது. எனக்குக் காது சுட்டது.

“கண்ணாடி கொண்டு வரேல்ல” என்றேன்.

பின்னால் இருந்து ஒருத்தி, “கண்ணாடியும் இருக்கா?” என்றாள். கிளுக்கென்று சிரிப்பு.

அந்த அம்மா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டா. “சரி, அப்ப நீங்க மெழுகுதிரியப் பிடிங்க” என்றா.

கூட்டம் முடியும் வரைக்கும் மெழுகுதிரியைப் பிடித்தேன். உருகி விரலில் விழுந்தது. கையை மாற்றவில்லை. வேண்டுமென்றே செய்தா என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நான் தலை குனிந்ததையும் சொல்ல வேண்டுமே.

அடுத்த வருடம், நாற்பது நாள் தபசுகாலத்துக்கு முந்தின சனிக்கிழமை. வழமைபோல வசனத்தை மூடிக்கொண்டு படத்தைக் காட்டினார். மோட்ச வாசல். ஒரு பெரிய மனுசி லேஸ் முக்காடு போட்டு, குடையை ஊன்றி, ராணி மாதிரி வருகிறா. அவவுக்குப் பின்னால் இரண்டு சின்னச் சம்மனசுகள், வானதூதப் பிள்ளைகள், ஒரு கனத்த கதிரையைத் தலையில் சுமந்து வருகின்றன. துறைமுகக் கூலிக்காரர் மாதிரித் தலையில் சும்மாடு, செட்டை மடங்கி, முழங்கால் வளைந்து, நாக்கு வெளியே. இராயப்பர் தடியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். உள்ளே பார்த்தால் மோட்சத்துப் புனிதர்கள், அத்தனை அர்ச்சிஷ்டவர்களும், பாயில் சம்மணம் போட்டுத் தரையில் இருக்கிறார்கள். சேவல், கட்டிய சொண்டோடு, கதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நான் சிரித்தேன். அப்படிச் சிரித்தது நான் பிறந்ததற்கு அதுதான் முதல் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர வர, மூச்சு முட்டச் சிரித்தேன்.

“இது யார்?” என்று கேட்டேன்.

“ஒருத்தருமில்ல. கதிரைக்காரர் எல்லாரும்தான்” என்றார். ஆம்பளையாகப் போட்டால் கதிரைக்காரர் தன்னைத்தான் என்று சண்டைக்கு வருவார்கள் என்று ஒரு மனுசியாகப் போட்டாராம். குடை ஒரு பெருமைக்கு இருக்கட்டும் என்று போட்டாராம். ஆண்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு அந்த நடை பெருமை நடையாகத்தான் தெரிந்திருக்கிறது.

எனக்கு அப்படியில்லை. நான் நாலு வருடமாக அந்தக் கதிரைக்கு நேர் பின்னால் பாயில் இருந்தவள். எழும்புகிற நேரம் சீலைக்கரை ஒதுங்கும்போது கண்டிருக்கிறேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு பிள்ளையின் கால் மாதிரி மெலிந்து, பாதம் உள்ளே திரும்பி இருக்கும். அந்த அம்மாவால் தரையில் இருக்க முடியாது, முழங்காலில் நிற்க முடியாது, குடை இல்லாமல் நடக்க முடியாது. கதிரை பெருமைக்கு வந்ததில்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் சிரித்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டிருப்பார்.

சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக ஸ்டென்சிலை விரித்தார்.

தாள் வெளியே போன ஞாயிறு சனம் சிரித்தது. அதற்கு அடுத்த ஞாயிறு அந்த அம்மா வரவில்லை. பிறகும் வரவில்லை. ஒரு நாள் இரண்டு பேர் வந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவ கொட்டாஞ்சேனை வீட்டையே விட்டு வெள்ளவத்தையில் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

சுவாமி இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றாமல் வாங்குப் பலகையில் இருந்தார். முகம் செத்த முகம்.

“அந்த அம்மாவுக்குக் கால் ஏலாதாம். சின்ன வயசிலயிருந்து” என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உங்கட மனுசி அவவுக்குப் பின்னாலதானே இருக்கிறவ, அவவுக்கும் தெரியாதா எண்டு சுவாமி கேக்கிறார். ‘எனக்கோ என்ர வீட்டாருக்கோ தெரியாது’ எண்டு அடுத்த தாளில எழுதித் தரட்டாம். அந்த அம்மாட்டயும் போய் அப்பிடியே சொல்லட்டாம்.” என் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் முகம் கழுவினார்.

அடுத்த தாளில் அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த அம்மாவிடமும் போகவில்லை. சுவாமிக்குக் கோபம் வந்தது. சனம் திமிர் பிடித்தவன் என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன், என் புருசனும் என்னைப்போலத்தான், வளையமாட்டார் என்று. படம் போடுவதை நிறுத்திவிட்டார். பென்சில் துறைமுகத்துக்கு மட்டும் போனது. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். ஆனால் நன்மைக்கு மணி அடித்ததும் ஆண்கள் வரிசை எழும்பிப் போக, இவர் ஒருவர் மட்டும் பாயில் இருப்பார். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அவருடைய முதுகு தனியாகத் தெரியும்.

“ஏன் நன்மைக்குப் போறேல்ல?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒருத்தருக்கு எங்களோட மனக்குறை இருக்கேக்க பீடத்துக்குப் போகக்கூடாது” என்றார். அவ்வளவுதான்.

நான் போனேன். ஒன்பது வருடமும் போனேன். சுவாமியிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொன்னேன், அயலவளைப் பேசியதைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை தெரியாமல் இறைச்சி தின்றதைக்கூடச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் போய் நாக்கை நீட்டி நன்மை வாங்கினேன். பாவம் செய்தவள் வரிசையில் நின்றேன். செய்யாதவர் பாயில் இருந்தார்.

வீட்டில் சிரிப்பு நின்றுபோனது. சண்டை வரவில்லை, வந்திருந்தால் நல்லது. அவர் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். சில சனிக்கிழமைகளில் பின்னேரம் கை தன்பாட்டில் மேசையில் கோடு போடும். நிமிர்ந்த கோடு நாலு, ஐந்தாவது குறுக்கே. எதை எண்ணினார் என்று தெரியாது.

பென்சன் எடுத்த அடுத்த வருடம் அவருக்கு நெஞ்சில் தண்ணீர் கட்டியது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தலையணை மூன்று வைத்து இருத்தினால்தான் மூச்சு வரும். அப்போது வேறு சுவாமி வந்திருந்தார். அவரை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன், சாகப்போகிறவருக்குப் பூசுகிற எண்ணெயாகிய அவஸ்தை பூசவும் நன்மை கொடுக்கவும். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அடுத்த நாளும் கேட்டேன். வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை. கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

“அண்டைக்கு எனக்குத் தெரியும். அந்த அம்மாட கால நான் கண்டிருக்கிறன். தெரிஞ்சுதான் சிரிச்சனான்.”

மெழுகுதிரி பிடித்த கதையையும் சொன்னேன். சொல்லி முடிய அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டே, “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியாதா? அது வேற சிரிப்பு. அண்டைக்கு எனக்கு விளங்கேல்ல. பிறகு, தெரியாது எண்டு சொன்னியே, அப்பதான் விளங்கினது.” மூச்சு வாங்கினார். “எனக்கோ வீட்டாருக்கோ தெரியாது எண்டு எழுதச் சொன்னாங்க. அது பொய். என்ர மனுசிக்குத் தெரியும் எண்டு எழுதவும் ஏலாது. அதான் சும்மா இருந்தனான். நீ சொல்லுவாய் எண்டு இருந்தனான்.”

ஒன்பது வருடம். திமிர் என்று நான் நினைத்தது அதைத்தான்.

“இப்ப சுவாமியக் கூப்பிடட்டா?” என்றேன்.

“முதல்ல அங்க போ. அவவிட்ட சொல்லு. அவ மன்னிச்சா வந்து சொல்லு. பிறகு கூப்பிடு.”

பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். இரண்டு பஸ் ஏற வேண்டும். காலி வீதியில் பஸ் வெள்ளவத்தைக்குப் போகும் வரை ஒரே ஒரு செபம்தான் சொன்னேன், நான் போய்ச் சேரும் வரைக்கும் அவரை வைத்திரும் என்று. கோயிலில் விசாரித்த விலாசத்தை என் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒழுங்கைப் பெயரை நானே பலகையில் வாசித்துக் கண்டுபிடித்தேன். அவர் கற்றுக் கொடுத்த எழுத்து.

கடல் பக்கத்து ஒழுங்கையில் மாடி வீடு. மகள் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போனா. முன் அறையில், அதே பின்னல் கதிரையில், அந்த அம்மா இருந்தா. மெலிந்துபோய், முக்காடு இல்லாமல், நரைத்த தலையோடு. கால் ஒரு சின்ன வாங்கின் மேல் இருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டா.

“இருங்க” என்றா. மகளிடம், “தேத்தண்ணி போடு புள்ள” என்றா.

நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான்தான் சிரித்தேன், அவர் இப்போது சாகப் போகிறார், உங்கள் மன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்க மாட்டேன் என்கிறார்.

“அந்தச் செபத்தாள் உங்களுக்கு ஏன் தந்தனான் தெரியுமா?” என்றா. “பாட்டுப் படிக்கேக்க பின்னாலயிருந்து உங்கட குரல் கேக்கும். கோயில்ல அதுதான் நல்ல குரல். வாசிக்கத் தெரியாது எண்டு எனக்கு ஆர் சொன்னது? தாளத் திரும்ப வாங்கினதும் உங்கட முகம் பட்ட பாட்டப் பாத்துத்தான்.”

அன்றைக்கு மெழுகு விழுந்த விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டேன்.

“அந்தத் தாள் வந்த அண்டு,” என்று தொடர்ந்தா, “நன்மைக்கு எழும்பிப் போறன். முன்னால இருந்து பீடம் எத்தின அடி? இருபது அடி வருமா? பிள்ளையள் எல்லாம் ஒண்டுக்கொண்டு சொல்லுதுகள், ‘சம்மனசு எங்க? இண்டைக்குச் சம்மனசு கதிரை தூக்க வரேல்லயா?’ தாய்மார் வாயப் பொத்துறாங்க. பிள்ளையட வாய இல்ல, தங்கட வாய, சிரிப்பு அடக்க. ஏழு வயசுக் காய்ச்சல்ல கால் போன நாளிலயிருந்து நடக்கிறன். அண்டைக்கு நடந்த மாதிரி ஒரு நாளும் நடக்கேல்ல.”

“மன்னிக்க வேணும், அம்மா.”

அவ யன்னலைப் பார்த்தா. ரயில் ஒன்று கடலோரமாகப் போனது. அது போய் முடிந்த பிறகு என் பக்கம் திரும்பினா.

“கேக்கிறது லேசு. நானும் ஒன்பது வருசம் கேட்டுப் பாத்திட்டன், எனக்குள்ள. வரேல்ல. வந்ததா நான் பொய் சொல்ல மாட்டன், அதுவும் சாகிற மனுசனுக்கு. அவரில எனக்குக் கோபம் இல்ல. உங்களில இருக்கு. வந்தா சொல்லி அனுப்பிறன்.”

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். குடிக்காமல் வந்தால் மரியாதை இல்லை. சூட்டில் நாக்கு வெந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் செபம் வரவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது அவர் கண் திறந்துதான் இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். உதடு நீலம். பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். இன்றைக்குத் தாண்டாது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

“சொன்னியா?”

“ஓம், சொன்னனான்.”

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும்.”

“என்ன சொன்னா?”

அவவுக்கு இவரில் கோபம் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம், அது உண்மை. ஆனால் என்னில் இருக்கிறதா என்று கேட்பார். என்னை வெளியே விட்டுவிட்டுத் தான் மட்டும் போகிற ஆளாக இருந்திருந்தால் ஒன்பது வருடம் பாயில் இருந்திருப்பாரா?

“மன்னிச்சிட்டாவாம். ரெண்டு பேரையும். சொல்லச் சொன்னா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை, கனநேரம். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் வாயின் ஒரு பக்கம் மெல்ல வளைந்தது.

“சேவலிட சொண்ட இறுக்கிக் கட்டினியா?” என்றார்.

“என்ன?”

“ஒண்டுமில்ல. சுவாமியக் கூப்பிடு.”

சுவாமி வந்தார். அவர் பாவசங்கீர்த்தனம் செய்தார், நான் வெளியே நின்றேன். அவஸ்தை பூசினார்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு நாக்கை நீட்டி நன்மை வாங்கினார். விழுங்க முடியவில்லை, நான் கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன். அன்று வெயில் தாழும் முன்னே போய்விட்டார்.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவரும் வரவில்லை. தபாலும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த அம்மா செத்துப்போன செய்தி எங்கள் கோயில் தாளில் வந்தது. நானே வாசித்தேன், எழுத்தெழுத்தாய். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அவருடைய இடத்தில் மின்குமிழ்க் கடை விளம்பரம் ஒன்று இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் போய்விட்டது. பீடத் துணியை இன்றைக்கும் நான்தான் தோய்க்கிறேன், கை நடுங்கினாலும் சுருக்கம் விழாது. பூசைக்கும் போகிறேன். இப்போது எல்லாருக்கும் வாங்கு போட்டிருக்கிறார்கள், பாயும் இல்லை, கதிரையும் இல்லை. நன்மைக்கு மணி அடித்ததும் எல்லாரும் எழும்புவார்கள், நான் எழும்புவதில்லை. முழங்கால் ஏலாது என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குக் கிட்டப் போய்த் திரும்பியிருக்கிறேன். முதல் பொய்யைச் சொல்லலாம், சிரித்த சிரிப்பைச் சொல்லலாம், அவற்றுக்கு நான் பிழை என்று மனம் நொந்து மனஸ்தாபப்பட்டு முடிந்துவிட்டது. அந்தக் கடைசிப் பொய்தான் முடியவில்லை. மனஸ்தாபம் இல்லாமல் சொன்னால் அது மன்னிப்பாகாது என்று சின்னதிலேயே படிப்பித்திருக்கிறார்கள். அதற்கு மனஸ்தாபப்படுவது என்றால், அவர் நன்மை வாங்காமல் போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட வேண்டும். அவருடைய நாக்கையும் அந்தக் கரண்டித் தண்ணீரையும் நினைத்துப் பார்ப்பேன். ஆசைப்பட முடியவில்லை. நாளைக்குக் கேட்டாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன்.

அதனால் இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.